மூன்றாவது டிரைவரின் சிவப்பு விளக்கு

இதைக் கேட்டதும் என் அத்தான் அன்றைக்குக் குடித்திருந்தாரா என்றுதான் முதலில் கேட்பீர்கள். இல்லை. காபியே ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் குடிக்காத மனுஷர். லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக இருட்டுக் குழிகளுக்குள் இறங்கி ஏறுகிறவர். பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்ப் படுத்துவிடுவார். அப்படிப்பட்டவர் எழுதி வைத்த ஒரு நோட்டு என்னிடம் இருக்கிறது. தேதி, மணி, நிமிஷம் எல்லாம் அவர் கையெழுத்து. மீதியை அவர் வாயாலேயே, மூன்று தடவை, மூன்று தடவையும் ஒரே மாதிரி கேட்டேன்.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, அணைந்துபோகும் மெழுகுவர்த்தி என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டரைக்கும் மூன்றேகாலுக்கும் நடுவில்.

என் அக்கா மகள் சின்னுவுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் கிடையாது. சக்கர நாற்காலிதான். வாய் மட்டும் ஊருக்கே கேட்கும். டாக்டர் சொல்லிவிட்டார்: தினமும் ஒரு மணி நேரம் அவளை நிற்க வைக்க வேண்டும், இல்லையென்றால் தொடை எலும்பு இடுப்புக் கிண்ணத்திலிருந்து நழுவிவிடும். அதற்கென்று ஒரு மரச்சட்டம் உண்டு. நெஞ்சு, இடுப்பு, முட்டி என்று மூன்று இடத்தில் தாங்கிப் பிடித்து நிறுத்தும். ஆஸ்பத்திரியில் கேட்டால் நாலு மாதம் ஆகும் என்றார்கள். இருபதாம் தேதி திங்கட்கிழமை மறுபடி டாக்டரைப் பார்க்க வேண்டும். அதற்குள் சட்டம் இருந்தால் ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிடுவார்கள்.

"நானே செஞ்சிடறேன்" என்றார் அத்தான்.

அவர் அப்படிச் சொன்னால் அக்கா நம்ப மாட்டாள். போன தடவை அவரே செய்த ஷூ ஸ்டாண்டில் செருப்பை வைத்தால் சறுக்கி நடு ஹாலுக்கு வந்துவிடும். ஆனால் இந்த முறை ஆள் முழு மூச்சாக இறங்கிவிட்டார். பழைய கருவிகள் விற்கும் கடையில் ஒரு சின்ன சிஎன்சி ரூட்டர் வாங்கி வந்தார். கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்தால் பிளைவுட்டை அதே அளவில் வெட்டித் தரும் மெஷின். ஒரு மேசை. மேசைக்குக் குறுக்கே, ஒரு குழந்தையின் நெஞ்சு உயரத்தில், ஒரு அலுமினியப் பாலம். அந்தப் பாலம் மேசையின் இரு ஓரத்துத் தண்டவாளங்களில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை ஓடும். அதில் தொங்கும் கத்தி சுழன்று வெட்டும்.

ஓட வைப்பது ஸ்டெப்பர் மோட்டார். மோட்டாருக்கு அளந்து கரண்ட் கொடுப்பது டிரைவர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான். மொத்தம் மூன்று டிரைவர். மூன்றாவது, பாலத்துக்கு. பச்சை விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. சிவப்பு எரிந்தால் கோளாறு. பச்சை எரியும்போது மோட்டார் பாலத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும், ஒரு ஆளே சாய்ந்தாலும் அசையாது. கரண்ட் போனாலோ, சிவப்பு எரிந்தாலோ பிடியை விட்டுவிடும். அப்புறம் பாலத்தை ஒரு விரலால் தள்ளலாம்.

மெஷினைப் பின்னறையில் வைத்தார். மரத்தூள் படக் கூடாது என்று டிரைவர் பெட்டியையும் மெயின் ஸ்விட்சையும் பக்கத்து ஸ்டோர் ரூமில் வைத்து, சுவரில் துளை போட்டு ஒயரை இழுத்தார். ஸ்விட்ச் போடும் இடத்திலிருந்து மெஷின் தெரியாது. இது முக்கியம்.

பதிமூன்றாம் தேதி, திங்கள். அத்தானுக்குக் காலை ஷிஃப்ட், ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவார். அக்கா டீச்சர், வர நாலரை ஆகும். சின்னு சாப்பிட்டுவிட்டு ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தாள். முதல் பலகையை வெட்ட ஆரம்பித்தார். மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. 2:47. டக்... என்று ஒரு சத்தம். பாலம் நின்றது. கத்தி மட்டும் நின்ற இடத்திலேயே சுற்றிப் பலகையைக் கருக்கியது. ஸ்டோர் ரூமுக்கு ஓடினார். மூன்றாவது டிரைவரில் சிவப்பு.

அணைத்துப் போட்டார். பச்சை. மறுபடி ஓடியது, சாயங்காலம் வரை. ஆனால் அந்தப் பலகை வீண்.

செவ்வாய், 2:38. சிவப்பு. 3:05. சிவப்பு.

விட்டு விட்டு வரும் கோளாறு இருக்கிறதே, அதைப்போல மனுஷனைப் பாடாய்ப் படுத்துவது எதுவும் கிடையாது. நிரந்தரமாகக் கெட்டுப்போனால் மாற்றிவிடலாம். இது மெக்கானிக் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக இருக்கும், முதுகைத் திருப்பினால் வேலையைக் காட்டும். அத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். சூடாகிறதோ என்று டிரைவருக்கு ஒரு ஃபேன் வைத்தார். கரண்ட் அளவைக் குறைத்தார். ஒயர் முனைகளை எல்லாம் பிரித்து மறுபடி நசுக்கினார். கத்தி மோட்டார் ஒயரைத் தனியே ஒதுக்கினார். எர்த் சரிபார்த்தார். ஒன்றும் தேறவில்லை.

புதன்கிழமை டிரைவரையே இடம் மாற்றினார். ஒன்றாவதைக் கழற்றி மூன்றாவது இடத்தில். கெட்டது டிரைவர் என்றால் கோளாறும் அதோடு போக வேண்டும். போகவில்லை. ஒயரை மாற்றினார். மோட்டாரை மாற்றினார். கோளாறு எந்தச் சாமானோடும் போகவில்லை. பாலத்தோடேயே நின்றது. அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை. நோட்டில் எழுதிவிட்டு அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். பேனா தாளைக் கிழித்திருக்கிறது.

எலக்ட்ரானிக்ஸ் கடைக்காரருக்கு ஃபோன் போட்டார். இவருடைய பழைய சிநேகிதர்.

"கரண்ட் இல்லாதப்போ பாலத்த யாராவது தள்றாங்களா?"

"ஏன்?"

"கையால தள்ளினா மோட்டார் சுத்தும்ல. சுத்தினா அதுவே கரண்ட் உண்டாக்கும். அது திரும்பிப் போய் டிரைவர்ல ஏறும். ப்ளக்கப் பிடுங்கியிருந்தாகூட பச்சை லைட் மினுக்குனு எரியும். அப்படியே தள்ளிட்டிருந்தா டிரைவர் கெட்டுடும்."

அத்தானுக்கு ஆள் கிடைத்துவிட்டது. அக்கா.

"பெருக்கறப்போ அந்தப் பாலத்த நகத்துனியா?"

"நான் அந்த ரூம் பக்கமே போகல."

"அப்புறம் யாரு, காத்தா?"

"என்னங்க, எனக்கு ஸ்கூல்ல நாப்பது பிள்ளைங்க. வீட்லயும் விசாரணையா?"

அன்று இரவு அத்தான் ஹாலில் படுத்தார். ஐந்து நாள்தான் இருந்தது. பலகையும் மூன்றுதான் மிச்சம். படுத்தபடியே ஆபரேஷன் பற்றி நினைத்தாராம். ஏழு வயதுப் பிள்ளையின் இடுப்பில் ஆணி. பயமாக இருந்தது என்று என்னிடம் நேரடியாகவே சொன்னார். அவர் வாயில் அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

பதினாறு, வியாழன்.

அக்கா அரைநாள் லீவு போட்டுச் சின்னுவை உடற்பயிற்சிக்கு அழைத்துப் போய்விட்டாள். வீட்டில் ஈ காக்கை இல்லை. அத்தான் காலையிலேயே பாலத்தை வலதுகோடியில் நிறுத்தி, தண்டவாளத்தில் பென்சிலால் கோடு போட்டு, பின்னறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். வந்ததும் நேரே ஸ்டோர் ரூமுக்குள் போனார். மெயினை அணைத்தார். போதாதென்று ப்ளக்கையும் பிடுங்கினார். டிரைவர் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டூலைப் போட்டு, எதிரே உட்கார்ந்தார்.

2:31. ஒன்றுமில்லை.

2:36. ஒன்றுமில்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் போனது.

2:41.

மூன்றாவது டிரைவரில் பச்சை விளக்கு... மங்கலாக எரிந்தது. அணைந்தது.

அத்தான் கையில் இருந்த ப்ளக்கைப் பார்த்தார். மூன்று பித்தளைக் காலும் வெளியில்தான் இருந்தன.

மறுபடி எரிந்தது. அணைந்தது.

இப்போது சத்தமும் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம். ஸ்ஸ்ர்ர்... தண்டவாளத்தில் பாலம் நகரும் சத்தம். ஒரு சாண் தூரம் இருக்கும். பிறகு மௌனம். யாரோ மூச்சு வாங்குகிற அளவுக்கு ஒரு மௌனம். ஸ்ஸ்ர்ர்... மௌனம். ஸ்ஸ்ர்ர்... மௌனம். ஒவ்வொரு சத்தத்துக்கும் விளக்கு ஒருமுறை.

எண்ணினார். லிஃப்ட்காரர் புத்தி, எதையும் எண்ணும். பதினொன்று.

பிறகு நின்றது.

எழுந்துபோனார். பூட்டைத் திறந்தார். அறைக்குள் வெயில் பளீரென்று அடித்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. ஆள் இல்லை. வலதுகோடியில் நிறுத்திய பாலம் இடதுகோடியில் நின்றது.

மேசை சரிந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நினைத்தார். ரசமட்டத்தைக் கொண்டு வந்து தண்டவாளத்தின் மேல் வைத்தார். குமிழி நடு மத்தியில் வந்து நின்றது.

பாலத்தின் மேல் மெல்லிசாக மரத்தூள் படிந்திருந்தது. அதில் விரல் தடங்கள். நாலு இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம். தள்ளியவர் கை மாதிரி இல்லை. தொங்கிக்கொண்டு வந்தவர் கை மாதிரி, விரல்கள் மேலேயிருந்து மடங்கிப் பிடித்திருந்தன. சின்ன விரல்கள். சின்னுவாகத்தான் இருக்கும், நேற்றோ முந்தாநாளோ தொட்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

சாயங்காலம் சின்னுவின் கையைப் பிடித்துப் பார்த்தார். அந்த விரல்கள் இவளுடையதைவிட அரை அங்குலம் நீளம்.

யாரிடமும் சொல்லவில்லை. அக்காவிடம் மட்டும், "நீ தள்ளல. தெரியும். மனசுல வெச்சுக்காத" என்றார். வெள்ளிக்கிழமை மெஷினைத் தொடவே இல்லை. நோட்டில் அன்றைய பக்கம் காலி.

பதினெட்டு, சனி. இனியும் தள்ளிப்போட முடியாது. கடைக்காரரிடமிருந்து புத்தம் புது டிரைவர் ஒன்று வாங்கி வந்தார். மாட்டி முடிக்கும்போது மணி 2:50. அக்கா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். சின்னு ஹாலில் நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படித்தான் நினைத்தார்.

2:52. மெயினைப் போட்டார்.

பச்சை எரியவே இல்லை. எடுத்த எடுப்பில் சிவப்பு.

பெட்டியிலிருந்து இப்போதுதான் பிரித்த டிரைவர். அணைத்தார். பத்து வரை எண்ணினார். போட்டார்.

சிவப்பு.

2:54. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை போட்டார்.

சிவப்பு.

ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிச் சுவரில் அடித்தார். அது விழுந்து உருண்டு நின்றது. அந்த மௌனத்தில்தான் கேட்டது.

ஸ்ஸ்ர்ர்...

மௌனம்.

ஸ்ஸ்ர்ர்...

"அப்பா..."

சின்னுவின் குரல். பின்னறையிலிருந்து.

ஓடினார்.

சக்கர நாற்காலி வாசலோரம் காலியாக இருந்தது.

சின்னு நின்றுகொண்டிருந்தாள்.

பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட நிற்காத பிள்ளை. மேசையோரமாக, பாதி தூரத்தில். இரண்டு கையாலும் பாலத்தைப் பிடித்துக்கொண்டு. முட்டி இரண்டும் வெடவெடவென்று ஆடின. முகம் முழுக்க வியர்வை.

"சின்னு, அப்படியே இரு. அப்பா வரேன். கைய விட்டுடாத."

"விட மாட்டேம்ப்பா."

"வரேன். வரேன்..."

"நான் விட்டா அவ விழுந்துடுவா."

அத்தான் அவள் கைகளைப் பார்த்தார்.

சின்னுவின் இரண்டு கைகளும் பாலத்தின் இந்த முனையில் இருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருந்தது மறுமுனையை. அங்கே வெறும் வெயில். மரத்தூள் மிதந்தது.

எப்படிப் போனார் என்று அவருக்கே தெரியாது. போய்ப் பிள்ளையை வாரி எடுத்தார். எடுத்த கையோடு கதவை நோக்கித் திரும்பினார்.

முதுகுக்குப் பின்னால்...

ஸ்ஸ்ர்ர்...

மௌனம்.

ஸ்ஸ்ர்ர்...

திரும்பிப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் சொல்கிறார்.

பாலம் போய்க்கொண்டிருந்தது. தொடுவாரில்லை. ஒரு சாண். நின்றது. ஒரு சாண். நின்றது. கோடி வரைக்கும் போய்... ஓய்ந்தது.

மணி 2:57.

மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கே ஆரம்பித்து மீதிப் பலகை மூன்றையும் வெட்டினார். அக்கா கூடவே நின்றாள். சின்னு என் மடியில் ஹாலில். பன்னிரண்டு மணிக்குள் எல்லாத் துண்டும் தயார். ஒரு தடவைகூடச் சிவப்பு எரியவில்லை. அதே டிரைவர். அதே ஒயர். திங்கட்கிழமை டாக்டர் சட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யார் செஞ்சது?" என்றார். சின்னு அதில் நாற்பது நிமிஷம் நின்றாள். ஆபரேஷன் ஆறு மாதம் தள்ளிப்போனது. அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

செவ்வாய்க்கிழமை அத்தான் அந்தப் பழைய கருவிக் கடைக்குப் போய், மெஷினை விற்றவரின் நம்பரைக் கேட்டு வாங்கினார். ஒரு தச்சர். ஃபோனில் அவர் குரல் வயதானதாக இருந்தது. வயது நாற்பதுதான் என்று பிறகு தெரிந்தது.

அத்தான் நடந்ததைச் சொல்லவில்லை. "பாலத்த ஓட்டற டிரைவர்ல அடிக்கடி ஃபால்ட் வருது. உங்ககிட்ட இருந்தப்போ வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"என் பொண்ணுக்குக் கால் வராது சார்" என்றார் தச்சர். "கரண்ட் இல்லாதப்போ அந்தப் பாலம் லேசா நகரும்ல. அதப் பிடிச்சுக்கிட்டு நடந்து பழகியிருக்கா. மத்தியானம் நான் தூங்கறப்போ, எனக்குத் தெரியாம. நடந்து வந்து காட்டணும்னு ஆசையாம். அவ அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கா."

அத்தான் நோட்டைக் கையில் எடுத்தார்.

"ஸ்விட்ச் எனக்குப் பக்கத்து ரூம்ல. அவ உள்ள இருக்கறது எனக்குத் தெரியாது சார். போட்டுட்டேன். கரண்ட் வந்தா மோட்டார் இறுகிடும்ல? பாலம் அங்கயே நின்னுடுச்சு. அவ நிக்கல. மேசை விளிம்புல தல..."

பிறகு அவராகவே கேட்டார்.

"உங்களுக்கு எத்தன தடவ ஃபால்ட் வந்துச்சு?"

"பதினொன்னு."

"எனக்கு ஒரு தடவகூட வந்ததில்ல சார். அன்னைக்கு ஒரே ஒரு தடவ வந்திருந்தா..."

தச்சர் ஃபோனை வைத்துவிட்டார்.

மெஷினைத் தூக்கிப் போடச் சொல்லி நான் சண்டையே போட்டுப் பார்த்தேன். அத்தான் கேட்கவில்லை. "சின்னு வளர வளர சட்டத்த மாத்தணும். வெட்டறதுக்கு மெஷின் வேணாமா?" என்கிறார்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டாம். குழிக்குள் ஆள் இருக்கிறானோ இல்லையோ, மெயினைப் போடும் முன் மூன்று முறை குரல் கொடுக்க வேண்டும். உள்ளேயிருந்து பதில் வந்தால் ஸ்விட்சைத் தொடக் கூடாது. வேலை இடத்தில் இருபத்திரண்டு வருஷமாகத் தவறாமல் செய்தவர், சொந்த வீடுதானே என்று வீட்டில் மட்டும் செய்யாமல் விட்டார். இப்போது செய்கிறார்.

போன சனிக்கிழமை நானே பார்த்தேன். சின்னு ஹாலில் சட்டத்துக்குள் நின்றுகொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். பின்னறைக் கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. ஸ்டோர் ரூமிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார்.

"கரண்ட் போடறேன்... கைய எடுத்துக்கோம்மா."

காத்திருந்தார்.

"கரண்ட் போடறேன்..."

சின்னு படத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. பின்னறைப் பக்கம் கண்ணை மட்டும் ஓட்டினாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இருங்கப்பா. இன்னும் ரெண்டு அடி இருக்கு."